பாப்பாயியின் வைக்கோல் போர்

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது, கரையோரம் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த அனுசுயா ஊரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நான் போகலடி. மாட்ட விட்டுட்டு எங்க போறது?" பாப்பாயி போனை வைத்துவிட்டாள்.

அனுசுயா லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஊரில் இறங்கியதும், கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்களைக் கண்டு அவளுக்குப் பழைய உடைப்பு நினைவுக்கு வந்தது.

அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது இதே கரை உடைந்தது. முதலில் எலி வளை மாதிரி ஓர் ஓட்டையில் நீர் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நுழையும் அளவுக்குக் கரை வாய் பிளந்தது. ஆண்கள் சவுக்குக் கட்டைகளை ஊன்றி மூட்டை மூட்டையாகப் போட்டார்கள். அத்தனையையும் நீர் உருட்டிக்கொண்டு போனது.

"வைக்கோல் வச்சு அடைச்சாத்தாம்ப்பா மூட்டை நிக்கும்!" என்று யாரோ கத்தினார்கள்.

பக்கத்தில் இருந்தது இவர்கள் வீட்டுப் போர் ஒன்றுதான். அப்பா தயங்கினார். அம்மாதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போரில் ஏறி, வைக்கோலை உருவி எறிய ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் போர் இருந்த இடம் வெறுந்தரையானது. உடைப்பு அடைபட்டது. ஊர் பிழைத்தது.

ஆனால் அதற்குள் வயலெல்லாம் சேறாகியிருந்தது. தீவனமில்லாமல் வீட்டு மாடுகள் இரண்டும் எலும்பும் தோலுமாயின. அப்பா மணப்பாறைச் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். அதற்கப்புறம் பல வருஷம் பாப்பாயி மாடே வைத்துக்கொள்ளவில்லை. அப்பா போன பிறகுதான் துணைக்கென்று ஒரு செவலைப் பசுவை வாங்கினாள்.

இப்போது வீட்டுக்குப் போனால், கொட்டகையில் பாப்பாயி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கென்றே வந்த அனுசுயா, போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

"வாம்மா, மூணு பேரும் போவோம்."

பள்ளிக்கூட வாசலில் தலையாரி மறித்தார். "மனுசருக்கே இடமில்லங்க."

"உள்ள வேணாங்க. வேப்பமரத்துல கட்டிக்கிறோம். நாங்களும் அங்கயே இருந்துக்கிறோம்."

அவர் பாப்பாயியின் முகத்தைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்ததும் அனுசுயா கேட்டாள்: "அப்ப வித்த அந்த மாடுங்களுக்காக இவ்வளவு வேதனப்பட்டியா? ஏம்மா சொல்லவே இல்ல?"

"ஊரே பொழச்சுக் கெடக்கு, மாட்டுக்கு அழுதா என்ன நெனப்பாங்க?" பாப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெருசு வாசலத் தாண்ட மாட்டேன்னு நின்னுச்சுடி. அடிச்சுத்தான் ஓட்டுனாரு உங்கப்பா. நான் அடுப்படியில காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அனுசுயா அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை கரை தாங்கியது. தண்ணீர் வடிந்ததும் இருவரையும் வீட்டில் விட்டுவிட்டு, சேறு காயாத செருப்போடு அவள் டியூட்டிக்கு பஸ் ஏறினாள்.