ஞானஸ்நானத்து வைன்

எட்வேட்டின் குடும்பத்தில் ஞானஸ்நானமோ கல்யாணமோ, வீட்டின் மூத்த ஆண்தான் முதல் கிண்ணம் உயர்த்தி வாழ்த்துவார். அவருடைய தகப்பன் உயர்த்தினார்; பிறகு அவர். மன்னார் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தபோதும், ஓக்லண்டுக்கு வந்தபிறகும் அந்த மரியாதையை யாரும் தொட்டதில்லை.

இம்முறை மகன் ஜொனாதனே தொட்டுவிட்டான். வைஹெகி தீவில் வைன் செய்யும் இடத்தில் வேலை செய்பவன். தன் மகளின் ஞானஸ்நானத்துக்காக பல திராட்சை வைன்களைச் சேர்க்கும் பிரான்ஸின் போர்தோ முறையில் ஒரு சிறு பீப்பாய் கலக்கப் போகிறான். "ஆர் திறமாக் கலக்கினமோ, அவை முதல் கிளாஸ் தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

குடும்பப் பெரியவர்களில் கலக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், சம்பந்தி இராசநாயகம். பாரிஸில் பதினாலு வருடம் உணவகத்தில் இருந்தவர். கோப்பை கழுவப் போன ஆள் என்று எட்வேட் தன் மனைவி மாகிரட்டுக்குப் பலமுறை நினைவூட்டியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், ஓக்லண்டின் மாசி என்ற பகுதியிலுள்ள மகன் வீட்டில், மேசைமேல் நான்கு வகைத் திராட்சை வைன்கள் நான்கு போத்தல்களில் இருந்தன; பக்கத்தில் ஓர் அளவுக் குழாய்.

"கபர்னே சோவின்யோன் எலும்பு, தம்பி. மெர்லோ சதை. கபர்னே ஃப்ரோங் வாசம்" என்றார் இராசநாயகம். "இந்தப் பெத்தி வெர்தோ மிளகு மாதிரி. கூடினால் கறி பழுது."

ஜொனாதன் வாய் பார்த்து நின்றான். தகப்பன் முன்னால் அவன் அப்படி நின்றது பத்து வயதோடு முடிந்துபோயிருந்தது.

"நல்ல சாமானுக்குக் கலப்பு எதுக்கு?" என்றார் எட்வேட். "கபர்னே சோவின்யோனை மட்டும் ஊத்தினால் என்ன?"

"குடிச்சுப் பாருங்கோ, சம்பந்தி."

குடித்தார். கொதித்த தேயிலையைச் சப்பியதுபோல் நாக்கு இறுகியது. "நல்லாத்தான் இருக்கு."

"முகம் அப்பிடிச் சொல்லேல்லை" என்றாள் மாகிரட்.

இராசநாயகம் நூறு மில்லி கலந்து முடித்தார். அதில் பெத்தி வெர்தோ ஒரேயொரு மில்லி. அப்போது அறையில் குழந்தை வீரிட்டழ, எல்லோரும் எழுந்து ஓடினார்கள். எட்வேட் மட்டும் மேசையருகே நின்றார்.

கூடினால் கறி பழுது.

பெத்தி வெர்தோ போத்தலை எடுத்தார். ஆனால் முப்பது வருடம் மருந்து அளந்த கை, போத்தலைக் கண்டபடி சரிக்க மறுத்தது. அளவுக் குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஐந்து மில்லி அளந்து, கலவைக்குள் ஊற்றினார்.

திரும்பி வந்த ஜொனாதன் ஒரு மிடறு குடித்தான். கண்ணை மூடினான். "மாமா! யூ ஆர் எ ஜீனியஸ்!"

 ஊற்றிய கை எட்வேட்டுடையது, பெயர் மற்றவருக்கு.

இராசநாயகமும் குடித்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "இது என்ர கலவை இல்லை. பெத்தி வெர்தோ கூடியிருக்கு. எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது."

"அளவு தெரியாட்டி பீப்பாய்க்கு எப்பிடிக் கலக்கிறது, மாமா? திங்கள் கலக்கவேணும். திருப்பிக் கலந்து பாக்க சாம்பிள் மெர்லோவும் முடிஞ்சுது."

பேசாமல் இருந்திருக்கலாம். வைன் போயிருக்கும், மானம் தப்பியிருக்கும். ஆனால் களவாய் ஊற்றி மறைத்தவன் என்று தனக்குள் தெரிந்துகொண்டு பேத்தியின் விருந்தில் உட்கார எட்வேட்டால் முடியாது. முதுகை நிமிர்த்தினார்.

"ஐஞ்சு மில்லி. நான்தான் விட்டனான்."

"ஏனப்பா?" என்றாள் மாகிரட்.

"பழுதாக்கத்தான்."

முதலில் சிரித்தது இராசநாயகம். "பழுதாக்கிறதுக்கும் அளந்தோ விட்டனீங்கள்?"

ஜொனாதன் ஐந்தை எழுதிக்கொண்டான். "அப்ப இது அப்பான்ர கலவை. அப்பாவே தூக்கட்டும்."

மகன் போட்டி வைத்த நாளிலிருந்து இரண்டு கிழமையாக எட்வேட் ஏங்கியிருந்த வார்த்தை அது. இப்போது அதைத் தொட முடியவில்லை.

"களவாய் ஊத்தின கையால நான் தூக்கமாட்டன். சம்பந்தி தூக்கட்டும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர் யாராயிருந்தாலும் இப்படிக் கொடுப்பதை இரண்டு தரமாவது மறுப்பார்.

"சரி, சம்பந்தி" என்ற இராசநாயகம், எந்தக் கிளாஸில் ஊற்றுவது என்று அப்போதே ஜொனாதனோடு கதைக்கத் தொடங்கிவிட்டார்.