அக்கா கேட்ட குளிர்

பெயிண்டருக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை அவர் போனில் செய்தார், அதுவும் தன் அக்காவிடம்.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் கழிப்பறையில் ஒளிந்திருப்பவன்கூட அவர் கதவை ஒற்றை விரலால் தட்டும் தட்டிலேயே வெளியே வந்து நின்றுவிடுவான் என்று குடும்பத்தில் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் அன்று வெயிலைப் பற்றிப் புலம்பிவிட்டு, தம்பி வீட்டுக்கு வந்து இருக்க ஆசைதான், ஆனால் மொட்டைமாடிக்குக் கீழே ஏசி இல்லாத வீட்டில் எப்படிக் குப்பை கொட்டுவது என்றார். வருஷா வருஷம் கேட்கிற பேச்சுதான். அன்றைக்கு என்னவோ பெயிண்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏசி போட்டாச்சு அக்கா என்று சொல்லிவிட்டார்.

 அப்படியென்றால் அடுத்த வாரம் வருகிறேன், வெயில் தணிகிறவரை இருக்கிறேன் என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

பெயிண்டரின் மனைவி அதே அறையில்தான் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். திட்டு விழப்போகிறது என்று பெயிண்டர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை.

"எந்த ரூம்ல போட்டிருக்கோம்னு சொன்னீங்க?"

"அதைச் சொல்லலை."

"நல்லவேளை" என்றாள் அவள். விட்ட இடத்திலிருந்து மறுபடி தைக்கத் தொடங்கினாள். அவள் உதட்டோரம் சிரிப்பு இருந்ததைப் பெயிண்டர் கவனிக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. பகல் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருப்பவள் அவள்தான். மொட்டைமாடிக்கு ஒரு வெள்ளை அடித்துக் கொடுங்கள் என்று போன கோடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் சுவருக்கெல்லாம் அடித்துவிட்டு வந்து வீட்டிலும் பிரஷ்ஷைத் தொடச் சொல்கிறாயே என்று அவர் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். இப்போது பிடி அவள் கையில் சிக்கியிருந்தது.

மறுநாள் பொழுது விடிவதற்குள் பெயிண்டர் மொட்டைமாடியில் இருந்தார். வேலை முடிந்த இடங்களில் மிஞ்சியதென்று கொடுத்துவிட்ட அரைகுறை டப்பாக்கள் பரணில் நிறையக் கிடந்தன. எல்லா வெள்ளையையும் ஒன்றாகக் கலக்கி, தரையைத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் அடித்தார். காய்ந்ததும் இன்னொரு முறை. வெயில் ஏறியபோது அந்த வெளுப்பைப் பார்க்கவே கண் கூசியது. அன்று மத்தியானம் வீட்டுக்குள் முக்காலியில் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்த தையல்காரி கையை உடனே எடுக்கவில்லை. முன்னெல்லாம் தோசைக்கல் மாதிரி சுடும்.

அடுத்தது மேற்குப் பக்கத்து ஜன்னல். சாயங்கால வெயில் முழுக்க அது வழியாகத்தான் உள்ளே வரும். எங்கேயோ கழற்றிப்போட்ட பழைய விளம்பர பேனர் ஒன்றை, அதன் வெள்ளை முதுகு வெளியே தெரியும்படி ஜன்னலுக்கு வெளிப்புறமாகக் கட்டச் சொன்னாள். வெயிலை உள்ளே விட்டபிறகு திரை போட்டு என்ன பயன், வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்பது அவள் கட்சி.

பின்பக்கத்து ஜன்னலில் வெயிலே படாது. அந்த ஜன்னலுக்காக அவள் சணல் சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, கனமான ஒரு திரையாக்கினாள். அதை ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டார்கள். மற்ற ஜன்னல்களையெல்லாம் சாத்தி, சமையலறையில் புகை போவதற்காக இருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டால், வீட்டுக்குள் வரும் காற்று அந்தச் சாக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும். சாக்கை நனைத்துவிட்டால் போதும். அந்த ஊர் வெயில் காய்ந்த வெயில், துவைத்துப் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் மொடமொடத்துவிடும். அந்தக் காய்ந்த காற்று ஈரச்சாக்கில் புகுந்து வந்தபோது ஆற்றங்கரையிலிருந்து வருவதுபோல் வந்தது.

சமையலும் துணிக்கு இஸ்திரி போடுவதும் விடியற்காலையோடு முடிந்துவிட வேண்டும் என்றாள். வெயில் ஏறும் முன் எல்லாக் கதவும் ஜன்னலும் அடைபட வேண்டும், இறங்கியபின் எல்லாம் திறக்க வேண்டும். பெயிண்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மிஞ்சியது ஏசி. பெயிண்டரின் கூட்டாளி ஒருவர் ஏசி மெக்கானிக். அவர் கடைக்குப் பின்னால் உள்ளுறுப்பெல்லாம் உருவப்பட்ட ஒரு வெறும் கூடு கிடந்தது. திருப்பித் தரவே வேண்டாம் என்று சொல்லி, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ரிமோட்டையும் சேர்த்துக் கொடுத்தார். பின்பக்கத்து ஜன்னலுக்கு நேர் மேலே அதை மாட்டினார்கள். ஜன்னலை ஒரு வெள்ளைத் திரை மறைத்தது. கீழே நின்றால் காற்று கூட்டிலிருந்து இறங்குகிறதா திரையிலிருந்து வருகிறதா என்று யாருக்கும் தெரியாது. சமையலறை மின்விசிறியின் முனகல் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

"நெஜமாவே ஏசி மாதிரிதான் இருக்கு" என்றார் பெயிண்டர், காற்றில் நின்றபடி.

"மாதிரியெல்லாம் கெடையாது. ஏசிதான்" என்றாள் அவள். "இந்த நெனப்பு இல்லைன்னா உங்க மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றியவர் நேராகப் போய் அந்தக் கூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார். பெயிண்டர் தன் கால் கட்டைவிரலில் ஏதோ ஒட்டியிருப்பதைப்போலக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கணவனுக்கும் மனைவிக்கும் மூச்சு வந்தது.

வந்த மூச்சு நிலைக்கவில்லை. சாப்பிட்டு முடித்த கையோடு அக்கா கேட்டார். "இன்னும் ரெண்டு கொறைச்சு வையேம்மா."

இந்த நாளுக்காகத்தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். தையல்காரி ரிமோட்டைச் சுவரை நோக்கி நீட்டி அமுக்கினாள். பிறகு தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கத்தரிக்கோலால் இரண்டு தட்டுத் தட்டினாள். மேலே நிழலில் பூவாளியோடு காத்திருந்த பெயிண்டர், சத்தம் கேட்டதும் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் சாய்ந்து சாக்கின் தலையில் தண்ணீரை ஊற்றினார். கீழே திரை லேசாக உப்பி, சில்லென்று காற்று வந்தது.

"இப்பதான் சரியா இருக்கு" என்றார் அக்கா.

வெயிலில் வெளிச்சுவர் வேலை மத்தியானத்தோடு நின்றுவிடும் என்பதால் பெயிண்டருக்கு அந்த நேரத்தில் வீட்டில் இருக்க முடிந்தது. இருக்க முடிந்ததே அவருக்கு வினையானது. இரண்டு குறை என்பார் அக்கா. பெயிண்டர் ஊற்றுவார். கொஞ்சம் பொறுத்து, ரொம்பக் குளிருது, இரண்டு கூட்டு என்பார். தையல்காரி ஓடிப்போய்ச் சமையலறை மின்விசிறியை நிறுத்துவாள். உடனே, புழுங்குதே, மூன்று குறை என்பார். மாடியேறி இறங்கி, ஏறி இறங்கி, பெயிண்டருக்கு முட்டி விட்டுப்போனது. ஒருநாள் அக்கா பெட்டியிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, குளிர் கொஞ்சம் பத்தவில்லை என்றார். சால்வைக்குள்ளிருந்தபடியே சொன்னார். தையல்காரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்க் குழாயைத் தட்டினாள்.

ஜன்னலோரம் ஏன் தண்ணீர் சொட்டுகிறது என்றும் ஒருநாள் கேட்டார்.

"ஏசின்னா தண்ணி சொட்டத்தானே அண்ணி செய்யும்" என்றாள் தையல்காரி. அக்கா அதை ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொள்ளாதவர் வேறொருவர். கீழ்த்தளத்தில் வீட்டு ஓனர் குடியிருந்தார். பழைய ஒயரிங், மாடிவீட்டில் ஏசி கூடாது என்பது அவர் குடிவைக்கும்போதே போட்ட நிபந்தனை. வெள்ளைவெளேரென்று துவைத்துக் கொல்லையில் காயப்போட்ட அவர் வேட்டியின் மேல் மேலிருந்து சொட்டுச்சொட்டாகச் சாக்குத் தண்ணீர் விழுந்து பழுப்புக் கோலம் போட்டிருந்தது. அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. மாடிக்கு ஏசி ஏறியதைப் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னபோது எல்லாம் புரிந்துவிட்டது. உச்சிவெயிலில் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

திறந்ததும் கூடுதான் அவர் கண்ணில் பட்டது.

"ஏசி வைக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ஒயர் எரிஞ்சா யார் பதில் சொல்றது? இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க."

சத்தம் கேட்டுப் பெயிண்டர் பூவாளியோடு இறங்கி வந்து வாசலில் நின்றார். இது ஏசி இல்லை என்று ஓனரிடம் சொன்னால் அக்காவிடம் மானம் போகும். ஏசிதான் என்று அக்காவுக்காக நின்றால் வீடு போகும். திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி வாயைத் திறக்க முடியாமல் பூவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். தையல்காரி, போனால் மானமே போகட்டும் என்று முடிவு செய்து ஓர் அடி முன்னால் வந்தாள்.

அதற்குள் அக்கா சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். தையல் மெஷினடியில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கூட்டின் முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்து, பழகிய கையைப்போல, படக்கென்று தூக்கிக் காட்டினார்.

உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பல்லி மட்டும் சுகமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எவ்வளவு கரெண்டு இழுக்கும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

ஓனர் பார்த்தார். பல்லியும் அவரைப் பார்த்தது. கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அவர் சுற்றுமுற்றும் திரும்பியபோதுதான் உடம்பில் காற்று பட்டிருக்க வேண்டும். அப்படியானால் இங்கே எப்படி இவ்வளவு குளுகுளுவென்று இருக்கிறது என்று கேட்டார். தையல்காரி திரையை விலக்கிச் சாக்கைக் காட்டினாள், மாடிக்கு வெள்ளை அடித்ததையும் சொன்னாள். கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

"யாரைக் கேட்டு என் மாடிக்கு வெள்ளை அடிச்சீங்க?"

"ஏன் சார், கறுப்பு அடிச்சிருக்கணுமா?" என்றார் அக்கா, முக்காலியிலிருந்து இறங்காமலே.

 ஓனருக்குப் படியேறி வந்த களைப்பு. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே அவர் வீட்டில் உண்மையான ஏசியே இருந்தது. கரெண்டு பில்லுக்குப் பயந்து விருந்தாளி வந்தால்தான் அதைப் போடுவார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. வெயில் இறங்கியபின்தான் எழுந்து, வேட்டியைத் துவைத்துத் தர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். காலி பண்ணும் பேச்சை எடுக்கவில்லை.

பெயிண்டர் அக்காவின் முகத்தில் விழிக்கக் கூசி, அதற்கு முன்பே பூவாளியை நிரப்புகிற சாக்கில் மாடிக்குப் போயிருந்தார். தையல்காரி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எப்போது தெரிந்தது அண்ணி என்று கேட்டாள்.

"தெருவுலயே தெரிஞ்சுபோச்சு. ஏசின்னா வெளிய ஒரு பெட்டி ஊதிக்கிட்டு இருக்கணும்ல. சுத்திப் பாத்துட்டுத்தான் படியேறினேன். ஒண்ணையும் காணோம்."

"அப்பறம் எதுக்கு அண்ணி ரெண்டு கொறை, மூணு கொறைன்னு அவரைப் போட்டு வாட்டினீங்க?"

அக்கா சால்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். "வேலையில இருந்தப்ப, பொய் டிக்கெட்டுன்னு தெரிஞ்ச உடனே ஆளைப் பிடிச்சு எறக்கிடணும். ரூல் அது. ஒரு தடவையாவது பிடிக்காம விட்டுட்டு, எதுவரைக்கும் போறான்னு கூடவே உக்காந்து பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

தையல்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன கோடையிலிருந்து நடக்காத வெள்ளையடிப்பு, நீங்கள் வருகிறேன் என்ற ஒரே வார்த்தையில் நடந்துவிட்டது என்று தன் பங்கையும் ஒப்புக்கொண்டாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொய்யென்று தெரிந்தும் சொந்த வீட்டு ஏசியை விட்டுவிட்டு இங்கே ஏன் தங்கினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, தன் வீட்டு ஏசி போன வருஷமே செத்துப்போய்விட்டது என்று அக்கா காதோடு சொன்னார்.

"ஓம் புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. நான் ஊருக்குப் போறப்ப என் மாடிக்கும் வெள்ளை அடிக்க அவனைக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

வெயில் தணிகிறவரை அக்கா போகவில்லை. சாக்கைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியதில் கொல்லைத் துணிகளுக்கு வந்த ஆபத்து நீங்கியது. ஓனர் மறுநாள் மத்தியானம் செய்தித்தாளோடு வந்து, ஒயரிங்கைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அதற்கு மறுநாளும் ஒயரிங்கைப் பார்க்க வந்தார். வந்தவர் நாற்காலிப் பக்கம் போவதற்குள் அக்கா பூவாளியை அவர் கையில் கொடுத்தார்.

"மாடிக்குப் போய் ஒரு வாளி ஊத்திட்டு வந்தாத்தான் இங்க சீட்டு."

இது என் சொந்த வீடு என்று ஓனர் முனகிப் பார்த்தார். அக்கா கையை நீட்டிப் படியைக் காட்டினார். அவர் செய்தித்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறினார். தண்ணீர் சாக்கில் விழும் சத்தம் கேட்டது. ஈரத்துணி போட்டுத் துடைத்த தரையில் கையையும் காலையும் நீட்டிப் படுத்திருந்த பெயிண்டர் அந்தச் சத்தத்துக்குக் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.