நாற்பத்தொன்றாம் எண் கல்லறை

சர்ச்சின் பங்கு அலுவலகத்திலிருந்து கணக்கர் சவுரிமுத்து போன் செய்தபோது காலை பதினொரு மணி. "மேடம், உங்க ப்ரோக்ராம் அடம் பிடிக்குது. நாலு மணிக்கு அடக்கம், உடனே வாங்க" என்றார். அடம் பிடிக்கிற அளவுக்கு அதற்கு அறிவு கிடையாது ஐயா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம், பம்மல் என்று நெரிசலில் திட்டிக்கொண்டே அனகாபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். கல்லறைத் தோட்டத்துக்காக 1998இல் நான் ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்த ப்ரோக்ராம் அங்கே இன்னமும் கறுப்புத் திரையில் ஓடுகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ மொழிகள் வந்து போய்விட்டன. இப்போது என் ஆபீஸ் பிள்ளைகள் ஏஐயிடம் எழுதி வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார்கள். இந்தக் கிழம் மட்டும் சாகவில்லை. 2015 வெள்ளத்தில் பதிவேடுகள் கூழான பிறகு, மாடியில் தப்பித்த இந்தக் கம்ப்யூட்டர் சொல்வதுதான் வேதவாக்கு.

இறந்தவர் அமலராணி. அவருடைய மகன் மெர்வின் அலுவலகத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். அம்மாவை அப்பாவின் கல்லறையிலேயே வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பதினான்கு வருடம் கழிந்தால் அதே குழியில் குடும்பத்தில் இன்னொருவரைப் புதைக்கலாம் என்பது எங்கள் வழக்கம். அப்பா போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் சவுரிமுத்து அந்தக் கல்லறையின் எண் 41ஐத் தட்டினால் 'அனுமதி இல்லை' என்றே வந்தது.

"சரி, கையால எழுதிக் குடுங்களேன்" என்றேன்.

"சிஸ்டம் எடுக்கலையே மேடம். நான் இன்னா பண்றது?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "நான் எழுதினது சொல்றதை நம்புவீங்க, எழுதின என்னை நம்ப மாட்டீங்களா? கம்ப்யூட்டரா எதையும் சொல்லாது சார். எவரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்."

அவர் அசையவில்லை. "ரெண்டு நிமிஷம் மெர்வின், மாத்திடறேன்" என்று ஃபைலைத் திறந்தேன்.

நடுவில் ஒரு வரி இருந்தது: எண் 41 என்றால் எப்போதும் மறு. எந்த மடையன் இப்படி எழுதுவான் என்று கொதித்தேன். எழுதியவள் நான்தான். அதற்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: 'அமலராணி அம்மா கேட்டது. நீக்காதே.'

அந்தக் காலத்தில் பதிவேட்டைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்த என் மேசைக்கு முன்னால், புருவத்தில் தையல் தழும்போடு ஒரு பெண் வந்து நின்றது நினைவுக்கு வந்தது. அவர் புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிற மனுஷன் என்று ஊரே அறியும். ஆனால் அவர் போனபோது மெர்வின் சின்னப் பையன். அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் செத்தா அவரோட குழில என்னைப் போடாதீங்கம்மா. நோட்டுல எழுதாத, பசங்க படிச்சிடும். அப்பாவ நல்லவர்னு நெனச்சிகினு கீதுங்க. மெஷின்ல போட்டுடு. அத்த யாரும் படிக்க மாட்டாங்க இல்ல?"

படிக்க மாட்டார்கள் என்று நான்தான் சத்தியம் செய்தேன்.

அழிக்கும் பொத்தான் மேல் விரல் இருந்தது. மெல்ல எடுத்து, ஃபைலை மூடினேன்.

"ஆச்சா அக்கா?"

"முடியல மெர்வின். புதுசா வேற இடம் பார்த்துக்கோ."

அவன் எழுந்தே விட்டான். "நீங்கதானே எழுதினீங்க? நீங்க எழுதினதையே மாத்தத் தெரியலன்னா நீங்கல்லாம் இன்னா ப்ரோக்ராமர்?"

சவுரிமுத்து சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். இருபத்தேழு வருடத் தொழிலில் எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொல்லாத வார்த்தையை அப்போது சொன்னேன்.

"தெரியலப்பா."