ஒரு வாரத்துக்கு ஒரே கருத்து

ஒலி முகம்மதுவும் நானும் ஏழு வருஷம் ஒரே கம்பின் இரண்டு முனைகளைச் சுமந்தோம். ஜாலான் புசாரிலிருந்து தேக்கா சந்தை வரைக்கும் அலமாரி, தையல் மெஷின், ஐஸ்பெட்டி என்று எது வந்தாலும் கயிறு கட்டிக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்போம். அந்த ஏழு வருஷத்தில் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனோமா என்றால், இல்லை. நான் டீ என்றால் அவன் கோப்பி. நான் மழை வரும் என்றால் அவன் சட்டையைக் கழற்றித் துவைத்துக் காயப்போடுவான். ஐம்பத்தொன்பது தேர்தலில் நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று விசாரித்துவிட்டுப் போய், வேறொருவருக்குப் போட்டுவிட்டு வந்தான்.

அறுபத்தொன்றில் தொழிற்சங்கத்து மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். வினை அங்கேதான் பிடித்தது. நண்பர்கள் என்றால் கருத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் ஒரு நாள் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இத்தனை நாளாக இவன் எனக்கு யார்? ஒலியிடம் போய்ச் சொன்னேன். அவனுக்கும் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே ஒரு தாளில் என் கையால் எழுதினேன்: இன்று முதல் ஒரு வாரத்துக்கு எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. மீறுகிறவன் ஒரு மாதம் பின்முனையைச் சுமக்க வேண்டும். பின்முனை பாவப்பட்ட இடம்; வழி தெரியாது, காற்று வராது, முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும். தாளில் ஒரு தபால் தலையை ஒட்டி அதன்மேல் இருவரும் கையெழுத்துப் போட்டோம். தபால் தலை ஒட்டின தாளை மீறினால் போலீஸ் வந்து பிடிக்கும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

ஐந்து நாள் ஓடியது. சனிக்கிழமை வந்தது.

எருமைச் சாலை மூலையில் அப்பம் சுட்டு விற்கும் பூவம்மாவுக்கு ஒரு கண்ணாடி அலமாரி கொண்டுபோக வேண்டும். பூவம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் அந்தச் சாலையில் எல்லாரையும் அண்ணே என்பாள். ஒலி முகம்மது பாய் அண்ணே. தபால்காரர் தபால் அண்ணே. என்னை மட்டும் மூன்று வருஷமாக 'இந்தாங்க' என்றுதான் கூப்பிட்டாள். நான் அதை மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒலியிடம் ஒரு தடவை சொன்னதற்கு, உன் பேர் அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்றான். இப்போது அவளுடைய அண்ணன் துரைசாமி சிரம்பானில் ரயில்வே மாப்பிள்ளை ஒருவனைப் பார்த்துவிட்டார். ஞாயிறு காலை பேசி முடிக்க வருகிறார். நான் வாயைத் திறப்பதென்றால் அந்தச் சனிக்கிழமைதான்.

சீனத் தச்சர் கடையில் அலமாரியைக் கம்பில் கட்டினோம். முறைப்படி அன்றைக்கு நான் முன்னால், ஒலி பின்னால். கம்பு தூக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னால் இடது கால் போனால் பின்னால் வலது கால் போக வேண்டும். அப்போதுதான் சுமை ஆடாது. ஏழு வருஷமாக இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் பிறவிக் குணத்துக்கு எப்போதும் எனக்கு எதிர்க்காலைத்தான் வைப்பான். அன்றைக்கு என் போதாத காலம், இடது காலை முதலில் வைக்கட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். இடதுதான் சரி என்று சொல்லி, தாளுக்குப் பயந்து, அவனும் இடது காலையே வைத்தான்.

பத்து அடி போவதற்குள் அலமாரி தொட்டில் மாதிரி ஆடத் தொடங்கியது. ஏதோ ஆடுகிறதே என்றேன். ஆடுகிறது என்றான். வேகமாகப் போனால் நிற்குமோ என்றேன். நிற்கும் என்றான். வேகமாகப் போனோம். அலமாரி பூக்கடைக்காரரின் மாலை நான்கை வாரிக்கொண்டது. ஒரு வாழைத்தாரை இடித்தது. சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்று கும்பிட்டார், சாமி ஊர்வலம் என்று நினைத்தாரோ என்னவோ. சிராங்கூன் ரோட்டில் பஸ் வந்தது. கடக்கலாமா என்றேன், கடக்கலாம் என்றான். நிற்கலாமா என்றேன், நிற்கலாம் என்றான். பாதி ரோட்டில் நின்றுவிட்டோம். பஸ் டிரைவர் மலாயில் எங்களுக்கு நிறையச் சொன்னார்.

இதற்கு நடுவில் என் கவலை வேறு. பூவம்மாவிடம் இன்றைக்குச் சொல்லட்டுமா என்றேன். சொல்லு என்றான். எப்போதும் இவன் வேண்டாம் என்பான், எனக்கு ரோஷம் வரும், ரோஷத்தில் நான் செய்து முடிப்பேன். என் தைரியமெல்லாம் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் மறுத்துவிட்டால் என்றேன். மறுப்பா என்றான். ஒத்துக்கொண்டால் என்றேன். ஒத்துக்குவா என்றான். அந்த ஆளிடம் பேசி என்ன பிரயோஜனம்?

எருமைச் சாலைக்குள் நுழைந்ததும் தெருவே சிரித்தது. பூவம்மா அப்பக் கரண்டியோடு ஓடி வந்து, நில்லுங்க என்றாள். நாங்கள் நின்றோம், அலமாரி நிற்கவில்லை. அவளே அதைக் கட்டிப் பிடித்து நிறுத்தினாள். ரெண்டு பேரும் ஒரே காலை வைத்து நடந்தால் கண்ணாடி என்னத்துக்கு ஆகும் என்று கேட்டாள். நான் தாளைப் பற்றிச் சொன்னேன். அவள் அலமாரியின்மேல் சாய்ந்து சிரித்தாள். கண்ணாடியெல்லாம் கூடச் சேர்ந்து கிலுகிலுத்தது.

பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. நானோ தலையைத் திருப்பி ஒலியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பாய், நாளைக்குச் சொல்லிக்கலாமா?"

"நாளைக்கே சொல்லு."

"சொல்லாமலே விட்டுட்டா?"

பின்னால் ஒலி வெடித்தான்.

"மாட்டேன், ஒத்துக்கமாட்டேன் லா. ஒரு மாசம் என்ன, சாகுற வரைக்கும் பின்னாடி தூக்குறேன். டேய் சேதுபதி, உனக்குத் தைரியம் கிடையாது. நீ கேக்கமாட்டே. கேட்டாலும் பூவம்மா உன்னைக் கட்டாது."

ஆகா, எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. உள்ளங்காலிலிருந்து ரோஷம் ஏறியது எனக்கு.

"ஏன் கட்டாது? கட்டும். நான் கேப்பேன், அது என்னைத்தான் கட்டும்," என்று தேக்கா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அப்பம் தின்றுகொண்டிருந்தவர்கள் வாயை மூடவில்லை. எனக்கும் அவனுக்கும் தோளில் கம்பு, ஓடவும் முடியாது. பூவம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாய் அண்ணன் சொன்னதும் தப்பு, இவரு கத்துனதும் தப்பு. கட்டுறதா இல்லையான்னு நான்தானே சொல்லணும்? மொதல்ல அலமாரியை இறக்குங்க."

இறக்கினோம். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. அவள் முந்தானையால் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூணு வருஷமாச்சு உங்களுக்கு இதைக் கேக்க. நாளைக்குக் காலையில வந்து எங்க அண்ணன்கிட்ட நேரா பேசுங்க. பாய் அண்ணே, நீங்களும் கூட வாங்க. இவரு பாதியில நிறுத்துனா, உன்னால முடியாதுன்னு சொல்லுங்க."

வரமாட்டேன் என்றான் ஒலி. ஆனால் மறுநாள் எனக்கு முன்னால் அவன்தான் அங்கே போய் நின்றான். துரைசாமி அண்ணன் பெரிய மீசைக்காரர். நான் பேசி முடிப்பதற்குள் ஒலி மூன்று தடவை, உன்னால முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.