துலுக்கானத்தின் இடது கண்

அங்கம்மா ஆணியிலிருந்து கழற்றி முந்தானையால் துடைத்துக் கொடுத்த படத்தில் துலுக்கானம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்து நிறைய மாலை, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. கண்கள் மூடியிருந்தன. முத்தாபுதுப்பேட்டையில் இப்படிப் படம் மாட்டிய வீடுகள் நிறைய உண்டு. உயிரோடு இருந்தவரை ஸ்டூடியோ பக்கம் போகாதவர்களைச் செத்த அன்றைக்கு நாற்காலியில் சாய்த்து வைத்து, பெண்டாட்டி பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, தூக்குவதற்கு முன்னால் ஒன்று எடுத்துவிடுவார்கள்.

கோதண்டம் படத்தை வாங்கிக்கொண்டு விழித்தார். உயிரோடு இருந்தபோது எடுத்தது ஒன்றும் இல்லையா என்று கேட்டார்.

"அந்தாளு என்னிக்கிண்ணே ஒரு எடத்துல நின்னாரு?" என்றாள் அங்கம்மா.

அதுவும் சரிதான். ஸ்டிரைக் நடந்தபோது கம்பெனி வாசலில் யாரோ எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் எல்லோர் முகமும் பளிச்சென்று தெரிகிறது. துலுக்கானம் முகத்தின் மேல் கொடி பறக்கிறது.

படம் எதற்கு என்றால், கஜபதியின் புத்தகத்துக்கு. கஜபதி கரையான்சாவடியில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்து அலுத்துப்போய், தொண்ணூற்றிரண்டாம் வருஷம், பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் உள்ள பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு புத்தகம் கொண்டுவரப் புறப்பட்டார். எழுதும் வேலை கோதண்டத்தின் தலையில் விழுந்தது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதுகிற கிளார்க் அவர். ரிட்டயர் ஆகிறவர்களுக்கு வாழ்த்து மடல் எழுதியே பெயர் வாங்கியவர். பெரிய மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி அனுப்பினார்கள். எல்லோரும் இளமையில் வறுமையில் வாடியிருந்தார்கள். எல்லோரும் உழைப்பால் உயர்ந்திருந்தார்கள். கோதண்டம் ஒரு தையல்காரனைப் போல உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தார். கூலியாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று. 'மறைந்தவர்கள்' பகுதியில் துலுக்கானத்துக்கு ஓர் இடம் வேண்டும்.

துலுக்கானம் அதே கம்பெனியில் கிரைண்டிங் செக்‌ஷன். ஒரு நாள் இரும்புப் பொறி தெறித்து இடது கண் போயிற்று. போன கண் சுருங்கி வெளுத்து, பாதி மூடிய ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. செக்‌ஷனில் நிற்கிற அத்தனை பேருக்கும் கண்ணுக்குப் போட கண்ணாடி கேட்டான். ஒழுங்காக வேலை செய்தால் கண்ணாடி எதற்கு என்றது நிர்வாகம். அந்த வருஷத்து மழை முழுவதையும் கம்பெனி வாசலில் நனைந்து தீர்த்தார்கள். கண்ணாடி வந்தது. மூன்று வருஷம் கழித்து துலுக்கானம் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி அங்கம்மாவுக்கு அதே கம்பெனி கேண்டீனில் தட்டுக் கழுவுகிற வேலை கிடைத்தது.

புதிதாகச் சேர்ந்த பையன்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சாப்பிட வருவார்கள். இதை யார் வாங்கிக் கொடுத்தார் தெரியுமா என்று அங்கம்மா ஒரு நாள் வாயைத் திறந்திருக்கிறாள். பர்சனல் மேனேஜர் கொடுத்தது, ட்ரெயினிங்கில் சொன்னார்களே என்றிருக்கிறான் ஒருவன். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே அவள் கோதண்டத்தைத் தேடி டைம் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். புத்தகம் போடுகிற விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"பொஸ்தகத்துல எழுதிட்டா அப்பால யாரும் மாத்திப் பேச முடியாது இல்ல?"

"முடியாதும்மா" என்றார் கோதண்டம். அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னார்.

படத்தை ஆவடியில் லட்சுமணனின் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். செத்தவர்களின் கண்ணைத் திறப்பதில் லட்சுமணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தாடைத் துணியை எடுத்துவிடுவார், காசை அழித்துவிடுவார், மூடிய இமை மேல் மெல்லிய பிரஷ்ஷால் கண்ணை வரைந்து அதில் ஒரு புள்ளி வெளிச்சமும் வைத்துவிடுவார். இடது கண் பழுது, சின்னதாக, வெளுப்பாக இருக்கும் என்று கோதண்டம் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். லட்சுமணன் தலையாட்டினார். அவருக்கு இளகிய மனசு. போய்ச் சேர்ந்தவரைக் குறையோடு வரைந்து அனுப்ப அவருக்குக் கை வரவில்லை. இரண்டு கண்ணையும் பளிங்கு மாதிரி வரைந்து, தன் செலவில் ஒரு கோட்டும் மாட்டிவிட்டு, நேரே கஜபதிக்கே அனுப்பிவிட்டார். கோதண்டம் அதைப் பார்த்தபோது அச்சடிக்க பிளாக் செய்து முடித்தாயிற்று.

அதைவிடப் பெரிய இடி புரூஃபில் இருந்தது. துலுக்கானத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார் கோதண்டம். அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று அவருக்கே ஓர் எண்ணம். புரூஃபில் இரண்டே வரி இருந்தது. 'அமரர் துலுக்கானம், முத்தாபுதுப்பேட்டை. சமூக ஆர்வலர். அனைவரிடமும் இனிமையாகப் பழகியவர்.' துலுக்கானம் இனிமையாகப் பேசி ஒரு நாய்கூடக் கேட்டதில்லை.

கஜபதி கோபப்படவில்லை. மிஷின் சத்தத்துக்கு நடுவே பொறுமையாக வேறொரு புரூஃபை எடுத்துக் காட்டினார். பர்சனல் மேனேஜரைப் பற்றிய குறிப்பு. 'தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டு, கண் பாதுகாப்புக் கண்ணாடிகளை முதன்முதலில் அறிமுகப்படுத்தியவர்.' வெட்டித் தைத்தது சாட்சாத் கோதண்டம்தான். அத்தனை பெரிய மனிதர்களின் அத்தனை அக்கறைகளுக்கு நடுவில் அது அவர் கவனிக்காமலே கையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"இத்த நாளைக்கு ஒருத்தன் எடுத்துப் பாப்பான், நைனா. முன்னாடி ஒருத்தரு கண்ணாடி குடுத்தாரு, பின்னாடி இன்னொருத்தரு குடுத்தாருன்னு கீதுன்னு வையி, பொஸ்தகத்த எவன் நம்புவான்?"

அப்படியானால் மேனேஜருடையதை எடுங்கள் என்றார் கோதண்டம்.

"அவருதான வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்குறாரு. அவரு வந்து கேப்பாரு. செத்தவன் வந்து கேக்கமாட்டான்."

கோதண்டம் வாதாடினார். குரலை உயர்த்தினார், அப்புறம் கெஞ்சினார். எழுதியவர் என்று போட்டிருக்கிற என் பெயரையே எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். சரி என்று கஜபதி உடனே ஒப்புக்கொண்டது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த மேனேஜர்தான் தினமும் டைம் ஆபீஸில் கோதண்டத்தின் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர். அவரிடம் போய் இதைக் கேட்கலாம் என்று பஸ் ஸ்டாண்ட் வரை நினைத்துக்கொண்டே நடந்தார். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போய்விட்டார். என்ன செய்வது, அவர் அவ்வளவுதான்.

விழா முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனார். போகாமல் இருந்துவிடலாமா என்றுதான் காலையிலிருந்து இருந்தது. அங்கம்மா குளித்து, துவைத்த புடவை கட்டிக் காத்திருந்தாள். சுவரில் ஆணி வெறுமனே இருந்தது. ஸ்டூடியோவிலிருந்து படத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்கக்கூட மறந்துபோயிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"யாருண்ணே இது?"

லட்சுமணன் வரைந்த விதத்தைக் கோதண்டம் தடுமாறிச் சொல்லி முடித்தார். அவள் வலது கைக் கட்டைவிரலை எடுத்துப் படத்தின் இடது கண் மேல் வைத்து மறைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஆங், இப்பத்தான் அந்தாளு" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா எழுதிக்கீது, படிண்ணே."

கோதண்டம் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். கிரைண்டிங் செக்‌ஷனைப் படித்தார், தெறித்த பொறியைப் படித்தார், மழையைப் படித்தார், செக்‌ஷனில் நின்ற அத்தனை பேருக்கும் வந்த கண்ணாடியைப் படித்தார். ஒரு சொல் விடாமல் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அச்சிலிருந்த இரண்டு வரியின் மேல் அவர் கண் திரும்பத் திரும்ப ஓடியது. குரல் ஓரிடத்தில் உடைந்தது. அதை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

அவள் பெருமூச்சு விட்டாள். பக்கத்திலிருந்த மற்றவர்களின் கட்டங்களைப் பார்த்தாள், எல்லாம் எழுத்தால் நிறைந்திருந்தன. மறுபடியும் புருஷன் படத்துக்குக் கீழே பார்த்தாள்.

"கண்ணாடின்னு எங்க கீது? அந்த எடத்த மட்டும் காட்டிடுண்ணே. நாளைக்கு கேண்டீனுக்கு எடுத்துகினு போவணும். அந்தப் பசங்களுக்குப் படிக்கத் தெரியும்."

வலது கட்டைவிரல் துலுக்கானத்தின் கண்ணை மூடியபடியே இருந்தது. இடது கையின் சுட்டுவிரலை, அவர் பிடித்து வைக்கட்டும் என்று, அந்த இரண்டு வரிகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாள்.