மூன்று பூச்சு வெள்ளை

கரியம்மாவைச் சிறைக்கு அழைத்துப் போக அரசாங்கமே கார் அனுப்பியது. முதல் தடவை போனபோதும் அரசாங்கம்தான் வண்டி அனுப்பியது. அப்போது ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். இப்போது ஓட்டுநர் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். இதற்குத்தான் சுதந்திரம் என்று பேர் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எண்பது வயதுக் கரியம்மா ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் வளர்த்த பெண். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள்.

கரியம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்வலம் போனதற்காக உள்ளே தள்ளியபோது, ஓவியம் படித்தவளுக்குத் தாளும் தர மறுத்தார்கள், தூரிகையும் தர மறுத்தார்கள். அவள் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரிலேயே வரைந்தாள். கூட இருந்தவர்கள் வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாள், சாராயக்கடை வாசலில் மறியல் செய்தாள், புருஷனை இழந்தவர்களுக்கு மறுமணம் செய்துவைத்து ஊர் முழுக்கத் திட்டு வாங்கினாள், படம் வரைந்து பரிசும் வாங்கினாள். பேர் மட்டும் வெளுக்கவே இல்லை.

அந்தக் கரியைச் சமையற்கட்டிலிருந்து கடத்திக்கொண்டு வந்து கொடுத்தவள் தேசத்துக்காகச் சிறைக்கு வந்தவள் இல்லை. திருட்டு வழக்கில் வந்தவள். கைக்குழந்தையோடு இருந்தாள். கக்கூஸ் கழுவும் வேலை அவளுக்கு. எல்லாரும் கேட்டார்களே என்று, யாரோ ஒளித்துவைத்திருந்த படத்தைப் பார்த்து, கரியம்மா போராட்டத் தலைவரை முறுக்கு மீசையோடு பெரிதாக வரைந்து முடித்தபோது, "என் மூஞ்சியையும் ஒரு ஓரமா போட்டுடேம்மா" என்றாள் கரி கொடுத்தவள். கரியம்மா போட்டாள். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெண் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். திருடிக்கு யார் போட்டோ எடுத்து வைப்பார்கள்? உலகத்தில் அவள் முகம் இருந்த இடம் அந்தச் சுவர் ஒன்றுதான்.

அந்தக் கைக்குழந்தைதான் தையல்காரி. விடுதலையானதும் அநாதை விடுதிகளில் தேடி, கண்டுபிடித்து, தூக்கிவந்து வளர்த்தவள் கரியம்மா. "எங்கம்மா எப்படி இருப்பாங்க பெரியம்மா?" என்று சின்ன வயதிலிருந்து அவள் கேட்காத நாள் குறைவு. "சுவர்ல இருக்கா. ஜெயில் கதவு திறக்கட்டும், நேர்லயே பாத்துக்கலாம்" என்பது பதில். ஒரு தாளில் வரைந்து கொடுத்தால்தான் என்ன என்று கேட்டுவிட்டால் சீறுவாள். "பாத்து வரையறதுதான் படம். நெனச்சு வரையறது புளுகு!" கொள்கை என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அவளுக்கு இரண்டாம்பட்சம்தான். பெறாத பிள்ளையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

கதவு திறப்பதாக இல்லை. சுதந்திரம் வந்தும் சிறைக்கு வேலை குறையவில்லை. ஒரு மறியலில், பிடித்தால் பழைய இடத்தில்தானே போடுவார்கள் என்று நம்பி முன்வரிசையில் போய் உட்கார்ந்துகூடப் பார்த்தாள். நம்முடைய அரசாங்கம் மரியாதை தெரிந்தது. வயதில் பெரியவர் என்று காற்றோட்டமான வேறு சிறைக்கு அனுப்பிவிட்டது.

இப்போது அந்தச் சிறையே நினைவகம் ஆகிறது, அமைச்சர் திறந்துவைக்கிறார், கரியம்மா சிறப்பு விருந்தினர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. தையல்காரி கடையை அடைத்துவிட்டுப் புதுச்சேலை கட்டி வந்திருந்தாள்.

"அங்க வந்து அழுதுடுவேனோன்னு பயமா இருக்கு பெரியம்மா."

"அழு. அதுக்குத்தானே கூட்டிட்டுப் போறேன்."

நினைவக அதிகாரி வாயெல்லாம் பல்லாக எதிர்கொண்டு, கரியம்மா அடைபட்டிருந்த அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழையும்போதே புதுச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. நாலு சுவரும் வெளேரென்று கண்ணைப் பறித்தன. ஒரு சுவரின் நடுவில் ஆணி ஒன்று அடித்திருந்தது.

"படம் எங்க?" என்றாள் கரியம்மா.

"அதைத்தாம்மா நானும் தேடறேன். சுவர்ல ஓவியம் இருக்கிற அறைன்னு சொன்னாங்க. வந்து பாத்தா ஃப்ரேமும் இல்ல, படமும் இல்ல. எந்தப் பாவியோ தூக்கிட்டுப் போயிட்டான். நீங்க வேற ஒண்ணு குடுத்தா மாட்டிடலாம்னு ஆணி அடிச்சு வெச்சிருக்கேன்."

"சுவர்ல கரியா ஒண்ணும் இல்லையா?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒரே கரி. எவனோ இங்க அடுப்பு வெச்சுப் பொங்கியிருக்கான். ஒரு பூச்சுல மறையவே இல்ல. மீசை மாதிரி ஏதோ தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. விடுவேனா? மூணு பூச்சு அடிச்சேன்!"

வெள்ளைக்காரச் சிறை அதிகாரி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கச் சொல்லியும் போகாத படம். நம்மவர்கள் மரியாதை செய்தே அழித்துவிட்டார்கள்.

தையல்காரி சுவரருகே போய் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தபோது கையில் வெள்ளை ஒட்டியிருந்தது. "எந்த மூலை பெரியம்மா?" என்று கேட்டாள்.

அடுத்த நிமிஷம் கரியம்மாவின் வாய் திறந்தது. அவள் கத்திய கத்தலில்தான் அதிகாரிக்கு நடந்தது என்னவென்று விளங்கி வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் அரசாங்கத்தில் பழம்தின்று கொட்டை போட்டவர், சட்டென்று தேறிக்கொண்டார்.

"நீங்க வரைஞ்சதுதானேம்மா? அமைச்சர் வர்றதுக்குள்ள மறுபடியும் வரைஞ்சுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

வேறொரு நாளாக இருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள். "கரி கொண்டுவா" என்றாள்.

நினைவகத்து டீக்கடையில் எரிவாயு அடுப்பு. கடைசியில் அதிகாரியே தெருவுக்கு ஓடி, இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு கை கரி வாங்கிவந்தார்.

கரியம்மா வரைந்தாள். நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு வந்தது. வயதான கை தடுமாறாமல் ஓடியது. ரொம்பச் சுலபமாக ஓடுகிறதே என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது. பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"என்னை மாதிரியே இருக்காங்க!" என்று தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதிகாரி கை தட்டினார்.

இருக்காதா பின்னே? அவள் பக்கத்தில் நின்றாள், கரியம்மா பார்த்து வரைந்துவிட்டாள். கண்ணை இறுக மூடி அந்தப் பழைய முகத்தைத் தேடினாள். தலைவரின் மீசை மயிர் மயிராக வந்து நின்றது. கரி கொடுத்தவள் முகம் வரவில்லை. எல்லாக் கைதிகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பட்டினி கிடந்து ஜெயித்தவள் கரியம்மா. ஜெயித்த அன்று அந்தப் பெண் இவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். தான் அன்றைக்குப் பேசிய பேச்சு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் இருந்த முகம் ஞாபகம் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. ஒருத்தி ஐம்பது வருஷமாகக் கேட்டது கிடைத்துவிடும். கரியம்மா அப்படியும் கொஞ்ச நேரம் நின்றுதான் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துச் சுவரைத் துடைத்தாள். புதுச் சுண்ணாம்போடு முகமும் உதிர்ந்து வந்தது.

"ஐயோ! ஏன் பெரியம்மா?"

"அது நீ. உங்கம்மா இல்ல. எனக்கு அவ மூஞ்சி மறந்துபோச்சும்மா."

தையல்காரியின் அழுகை நின்றது. "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஞாபகம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அப்பவே வரைஞ்சு குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருக்கலாம்."

எத்தனையோ நீதிபதிகளிடம் தலை நிமிர்ந்து எதிர்வாதம் பேசியவள் அவள். வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது. அதிகாரி ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என்னதான் ஞாபகம் இருக்கு உங்களுக்கு?" என்று தையல்காரி வெடுக்கென்று கேட்டாள்.

"முதுகு. எப்பப் பாத்தாலும் குனிஞ்சு கழுவிக்கிட்டே இருப்பா."

"அதையாவது போடுங்க."

இந்தத் தடவை கை மெதுவாகத்தான் போனது. குந்தி உட்கார்ந்து தரையைத் தேய்க்கும் ஒருத்தி. அள்ளிச் செருகிய கொண்டை. மெல்லிய சிறைத்துணிக்குள் முதுகெலும்பு கணுக்கணுவாகத் தெரிந்தது. இடது தோள் வலது தோளைவிட நன்றாக இறங்கியிருந்தது.

தையல்காரி கிட்டே வந்தாள். "இந்தத் தோள் ஏன் இப்படிப் போட்டிருக்கீங்க?"

"அவளுக்கு அப்படித்தான். வாளி தூக்கித் தூக்கி வந்துச்சோ, பொறக்கும்போதே அப்படியோ."

தையல்காரியின் கை தன் இடது தோளுக்குப் போனது. "பொறக்கும்போதே" என்றாள். "எனக்கும் இதே பக்கம்தான். என் ரவிக்கைக்கு மட்டும் உள்ள துணி மடிச்சு வெச்சுத் தைப்பேன், வெளிய தெரியாம. யார்கிட்டயும் சொன்னதில்ல."

தூக்கி வளர்த்த கரியம்மாவுக்கு இது தெரியாது. அவள் அந்தத் தோளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கரியைக் கீழே வைத்தாள்.

வாசலில் சலசலப்பு. அமைச்சர் பரிவாரத்தோடு உள்ளே வந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுவர்முன் நின்றார்.

"தலைவர் படம்னுல்ல சொன்னீங்க? யாருய்யா இது, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு? அமைச்சர் வந்திருக்கேன், மூஞ்சியைத் திருப்பிக் காட்ட வேண்டாமா?"

கூட வந்தவர்கள் கடமைக்குச் சிரித்தார்கள். அதிகாரி கரியம்மாவைப் பார்த்தார். கரியம்மா வாயைத் திறப்பதற்குள் தையல்காரி முந்திக்கொண்டாள்.

"எங்கம்மாங்க. வேலையா இருக்காங்க. திரும்ப நேரமில்ல."