முடிவு கிடையாது

போனில் ஆள் காத்திருக்கும்போதே வீடு அதிரக் கத்துவது அம்மாவின் பழக்கம். அன்று காலையும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டி ஜீவிதா, குஜிலியம்பாறைக்காரவுக லைன்ல இருக்காக. என்னடி முடிவு?"

நான் என் ஆராய்ச்சியோடு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பாடம் லோக்கல் கோஹோமாலஜி. 'லோக்கல்' என்றதும் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், வெளியூரில் நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லையா என்று. பெரிய கணித அமைப்பு ஒன்றை ஓரிடத்தை ஒட்டி மட்டும் நோண்டிப் பார்ப்பதுதான் அது. நோண்டினால் கிடைப்பது பிடிபடாமல் விரியும். ஆனாலும் அதற்குள் இருக்கும் மூலங்களை, பகாக்கள் என்போம், எண்ணி முடித்துவிடலாம் என்று நிரூபிக்கத்தான் இத்தனை நாள் முட்டிக்கொண்டிருந்தேன். அன்று பார்த்து 2 என்ற பகா எண்ணுக்கு ஒன்று முளைத்தது. போகட்டும் என்றால் 3-க்கு ஒன்று, 5-க்கு ஒன்று, 7-க்கு ஒன்று. எந்தப் பகா எண்ணைப் போட்டாலும் புதிதாக ஒன்று. தப்பு என்னிடமா, கணக்கிலா? ஒரு எழவும் விளங்கவில்லை.

"முடிவு இல்லம்மா! முடிவே கிடையாது!" என்று கத்திவிட்டேன்.

அம்மா அதை அப்படியே போனில் சொல்லி, வைத்தும்விட்டாள்.

"ஐயோ, நான் கணக்கைச் சொன்னேன்மா!"

"நான் கல்யாணத்தத்தானடி கேட்டேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை விக்னேஷ்குமாரை எனக்குப் பிடித்திருந்தது. மாட்டு டாக்டர். பெண் பார்க்க வந்த அன்று என் பாடத்தைக் கேட்டுவிட்டு, புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொன்ன ஒரே ஆள். நான்தான், தேற்றம் முடியட்டும் என்று இழுத்தடித்தேன். இப்போது தேற்றமும் போச்சு, ஆளும் போச்சு.

வெட்கத்தை விட்டு நானே அவரைப் போனில் அழைத்தேன். பின்னால் ஒரு மாடு கத்தியது.

"அம்மா சொன்னது..."

"சொன்னாக. எங்க வீட்ல எல்லாரும் உங்களுக்கு இஷ்டமில்லைன்னு உக்காந்துட்டாக."

"நீங்க?"

"நான் கணக்கு கவுந்துருச்சோன்னு நெனச்சேன். அந்தப் பகா... எண்ணி முடியலையா?"

"முடியல" என்றேன். "வந்துக்கிட்டே இருக்கு."

"செத்த நேரம் இருங்க, ஊசி போட்டுட்டு வாரேன். முதல்ல இருந்து சொல்லுங்க, கேக்குறேன்."

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இப்ப என்னடி முடிவு?"

"சரின்னு சொல்லிரும்மா."

"எதுக்குடி சரி? கணக்குக்கா, கல்யாணத்துக்கா? தெளிவாச் சொல்லித் தொலை."

"கல்யாணத்துக்கும்மா. கணக்குக்கு முடிவு கிடையாது."